சம்பந்தி பாடியபோது நான் போட்ட தாளம்

இரண்டாயிரத்து நாலில், என் மகளை விரும்பிய ஜப்பானியப் பையனின் பெற்றோர் கிங்ஸ்பரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. கல்யாணத்துக்கு இன்னும் சம்மதமும் சொல்லவில்லை. "அப்பா, இண்டைக்கு ஒண்டும் குழப்பிப் போடாதேங்கோ" என்று மகள் மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

சாப்பிட்ட பிறகு பையனின் அம்மா ஒரு கதை பாட எழுந்தார். ரோக்யோகு என்று பெயராம். பாதி பாட்டு, பாதி பேச்சு. கணவர் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பார். வாசிப்பவர் சபைக்குத் தெரியக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். உடுப்புக் காயவைக்கும் கம்பியில் பெட்ஷீட்டைப் போட்டு அவரை அதன் பின்னால் இருத்தினோம்.

ஒரே தொண்டையில் கிழவியும் வந்தாள், போர்வீரனும் வந்தான். யார் எப்போது பேசுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. தாளத்தையாவது பிடிப்போம் என்று தொடையில் தட்டினேன். கச்சேரி கேட்டால் என் கை சும்மா இராது. எட்டு வரும் என்று பார்த்தால் ஏழில் நின்றது. அடுத்தது பதினொன்று. பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து "யோ!" என்று ஒரு சத்தம் வந்தது. அதுதான் முதல் அடி என்று நினைத்துப் பலமாகத் தட்டினேன். பிறகு அந்தச் சத்தமே வரவில்லை.

"இஞ்சருங்கோ, தொடையை விடுங்கோ, பாவம்" என்றாள் மனைவி.

பாட்டு நின்றது. முடிந்துவிட்டதா, அந்த அம்மா மூச்சு வாங்குகிறாரா என்றும் தெரியவில்லை. கணவர் வெளியே வரவில்லை. பையன் அவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து மகளின் காதில் ஏதோ சொன்னான்.

"அப்பா, கெதியா முடியுங்கோ எண்டுதான் நீங்கள் தட்டினதெண்டு நினைச்சிட்டினம். எங்களுக்கு அவையைப் பிடிக்கேல்லையோ எண்டு கேக்கினம்."

"ஐயோ பிள்ளை, அது மரியாதையெல்லோ! ரசிக்கிறவன்தானே தட்டுவான்."

பையன் அதைப் பெட்ஷீட்டுக்கு அப்பால் சொன்னான். பிறகு கணவரே எழுந்து பெட்ஷீட்டை இழுத்து மடித்தார். எனக்கு நேர் எதிரே கதிரையைப் போட்டு, என் கையைப் பார்த்தபடி வாசித்தார். அவர் மனைவி கடைசிப் பகுதியை மறுபடி பாடினார். தட்டச் சொல்கிறாரா, தட்டாதே என்று காவல் இருக்கிறாரா? விரலால் மெதுவாக எண்ணினேன். நாலு, ஒன்பது, ஆறு. நான் பிழைவிட்ட இடத்திலெல்லாம் அவர் "யோ!" என்றார்.

முடித்ததும் அந்த அம்மா ஏதோ கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கலியாணத்தை எப்ப வைக்கலாம் எண்டு கேக்கிறா, அப்பா."

எனக்கு முதல் அடியே இன்னும் பிடிபட்டிருக்கவில்லை.

"வாயைத் திறவுங்கோவன்" என்று மனைவி இடித்தாள்.

"ஓம்" என்றேன்.

"ஓமோ? எப்ப எண்டெல்லோ கேக்கினம்!"

மகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜப்பானியர் இருவரும், எதற்கென்று தெரியாமலே, சேர்ந்து சிரித்தார்கள்.