செலினா கொடுத்த தகவல்

கொடைக்கானலில் ஜெரால்டின் ஜீப்பை விடுதிக்காரர்கள் தேடிக் கூப்பிடுவார்கள். சுற்றுலா வந்தவர்களைச் சிரிக்கச் சிரிக்கப் பேசியபடியே மன்னவனூர் வரை கூட்டிப்போய் வருவான். அவன் மனைவி செலினா ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். பூம்பாறை வளைவில் ஜீப் சரிந்து முதுகில் அடிபடும்வரை அந்த வீட்டில் பெரிய குறை ஒன்றும் இருக்கவில்லை.

வலிக்குக் கொடுத்த மாத்திரை, வலி போன பிறகும் அவனுக்கு வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் தர மறுத்ததும் வத்தலக்குண்டில் ஒருவனிடம் வாங்கினான். அதைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளவும் விற்றவனே கற்றுக் கொடுத்தான். பிறகு, வாங்கியதில் ஒரு பகுதியை அறை எடுத்துத் தங்கும் இளைஞர்களிடம் விற்றால்தான் மீதி தனக்குக் கிடைக்கும் என்றாகிவிட்டது.

ஒருநாள் மதியம் செலினா வேலை முடிந்து வந்தபோது குளியலறைத் தரையில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடியதில் உயிர் தப்பியது. மாதா மேல் சத்தியம் செய்தான். அந்த வாரம் முடிவதற்குள் அவன் கையில் புதிய ஊசித் தடம்.

மறுநாள் வெள்ளனே அவள் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"எங்க வீட்டுக்காரரு ஜீப் சீட்டுக்கு அடியில மாத்திரை வச்சிருக்காருங்க சார். அவர அடிச்சிராதீங்க. எங்கயாச்சும் வச்சு வைத்தியம் பாருங்க. வெளிய கெடந்தா செத்துப்போவாரு."

"பாத்துக்கிறோம்மா" என்றார் ஆய்வாளர்.

சீட்டுக்கு அடியில் அவள் நினைத்ததைவிட நிறையவே இருந்தது. விற்பனை வழக்கு என்று பதிவானது. ஜாமீன் கிடைக்கவில்லை.

"தனக்குன்னு கொஞ்சமா வச்சிருந்தா வைத்தியத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்மா" என்றார் வழக்கறிஞர் தமயந்தி. "இவரு வித்திருக்காரு. அளவும் கூட."

"தனக்கு ஊசி போட்டுக்கத்தானேங்க வித்தாரு?"

"அதையும் கோர்ட்டுல சொல்றேன்."

சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, மதுரையில், குற்றம் நிரூபணமான அன்று. மருத்துவச் சான்றைக் காட்டி, இவர் வியாபாரி என்பதைவிட நோயாளி என்று வாதாடினார். தண்டனை பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று நீதிபதி ஜெரால்டைக் கேட்டார்.

"அது இல்லாம என்னால இருக்க முடியலைங்க ஐயா. வேற வழி தெரியல."

நீதிபதி மருத்துவச் சான்றை மூடி வைத்தார்.

"உங்க நிலைமை புரியுது. ஆனா உங்ககிட்ட வாங்கினவங்களும் இப்ப அது இல்லாம இருக்க முடியாம இருக்காங்களே, அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டான். ஐந்து வருடம் சிறை. ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். உள்ளேயே சிகிச்சை தர வேண்டும். செலினா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை நீதிமன்றத்தில் தூரத்திலிருந்து மட்டும் பார்த்தவள், அடுத்த வாரம் சிறையில் அவனைப் பக்கத்தில் பார்த்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கை நடுக்கம் நின்றிருந்தது. கல்யாணத்தின்போது இருந்த முகம் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"போலீசுக்குச் சொன்னது நீதானே?" என்று கேட்டான்.

"ஆமாங்க. இவ்வளவு வருசம் போடுவாங்கன்னு தெரியாதுங்க."

"இங்க வந்த புதுசுல, ஊசியில்லாம சுவத்துல தலைய முட்டிக்கிட்டுக் கெடந்தேன். அப்ப உன்னத்தான் திட்டுனேன். வெளிய இருந்தா செத்திருப்பேன், அதும் தெரியுது. ஆனா மன்னிச்சுட்டேன்னு சொல்ல வாய் வரல செலினா."

"சொல்ல வேணாம். சாப்பிடுங்க, தூங்குங்க. அது போதும்."

"அடிக்கடி வராத. பாத்துட்டு நீ போறப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கு."

சரி என்று தலையாட்டினாள். ஆனாலும் மாதம் தவறாமல் போகிறாள். சில முறை அவன் வந்து பேசுகிறான். சில முறை வர மாட்டேன் என்று உள்ளிருந்து சொல்லி அனுப்புகிறான். அன்றைக்கெல்லாம் கொண்டுபோன பழங்களைக் கொடுத்துவிட்டு, அவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று காவலரிடம் மட்டும் கேட்டுக்கொண்டு மலைக்குப் பேருந்து ஏறுகிறாள்.