ஒரு வீடு விட்டு ஒரு வீடு

அம்மா இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. பெயர் அஞ்சலாட்சி. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தைந்து வருடம் புதுச்சேரியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டாள். சர்வே வேலை.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் கேட்டார்: "கடைசியா எப்பம்மா வயிறு நெறைய சாப்பிட்டீங்க?"

அம்மா யோசித்துவிட்டு, "பொங்கலுக்கு" என்றாள்.

அப்போது ஏப்ரல். நான் பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் "ஆச்சு" என்றாள்.

நான் புள்ளியியல் படித்தவள். கேள்விப் படிவங்கள் தயாரிப்பது என் வேலை. 'சாப்பிட்டியா' என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான் வரும் என்பது எனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தெரியும். அம்மாவால் தெரிந்தது.

அவள் பத்தாவது வரை படித்தவள். சோப்புக் கம்பெனி, கொசு ஒழிப்பு, தேர்தல் என்று எது வந்தாலும் படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். நல்ல புடவை கட்ட மாட்டாள். நாற்காலி போட்டால் உட்கார மாட்டாள். கேட்கப்படுகிறவர் தரையில் இருந்தால் இவளும் தரை. பதில் சொல்லும்போது தலையாட்ட மாட்டாள். "நாம ஆட்டுனா அவங்க நம்ம தலையப் பாத்துத்தான் பதில் சொல்லுவாங்க" என்பாள். சாயங்காலம் படிவங்களை என்னிடம் படித்துக் காட்டிச் சிரிப்பாள்.

"இதக் கேளுடி. 'ஆஸ்பத்திரி சுத்தமாகவும் ஊழியர்கள் அன்பாகவும் இருந்தார்களா?' ஒரு அம்மா சொல்லுது, சுத்தம்தான், ஆனா கன்னாபின்னான்னு திட்டுனாங்கன்னு. நான் எங்க டிக் போடறது?"

2009இல் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்த ஐந்து தெருக்களில் ஒரு சர்வே வந்தது. எங்கள் தெருவும் அதில் ஒன்று. அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு டம்ளர் பாலும் பன்னும் கொடுத்துவந்தார் மதாம் சூசான். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பம். சர்வேயும் அவர் எடுக்கச் சொன்னதுதான். நான் அந்த வரிசையில் நின்றதில்லை. கேள்வி கேட்கிறவள் வீட்டுப் பிள்ளை கை நீட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

படிவத்தில் ஒரே கேள்விதான் முக்கியம்: "உங்கள் பிள்ளைகள் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குச் செல்கிறார்களா?" முதல் நாள் நாற்பது வீடு. முப்பத்தெட்டு ஆம்.

மதாம் சொன்னார்: "சாப்பிடற பிள்ளைக்கு எதுக்கு அஞ்சலாட்சி பால்? வில்லியனூர் பக்கம் கேக்கறாங்க. அங்க அனுப்பிடலாம்."

அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் பாதிப் பெண்கள் பெரிய மார்க்கெட்டில் பூவும் மீனும் விற்பவர்கள். விடியுமுன் கிளம்பிவிடுவார்கள்.

"மதாம், சாப்பிட்டியான்னு கேட்டா எதிரிகூட ஆச்சுன்னுதான் சொல்லுவான். பிள்ளைக்குச் சோறு போடலன்னு எந்தத் தாய் வாசல்ல நின்னு சொல்லுவா? நேரத்தக் கேப்போம். அடுப்ப எப்ப பத்த வெச்சீங்க, பிள்ளைங்க கெளம்பும்போது வீட்ல என்ன இருந்துச்சு. அவ்ளோதான்."

மேற்பார்வையாளர் பலராமன் பிடித்துக்கொண்டார். "உனக்கு இல்லன்னு பதில் வரணும். அதுக்குத் தகுந்த மாதிரி கேள்விய வளைக்கற."

"பழைய சோறு இருந்தாலும் சாப்பிட்ட கணக்குதான் சார். பால் நிக்கப் போவுதுன்னும் மூச்சு விட மாட்டேன்."

"அப்பவும் நீ வளைக்கலன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு வீட்ல பழைய கேள்வி, அடுத்த வீட்ல புதுக் கேள்வி. ஒரே தெரு, ஒரே நாளு. அந்த நாப்பது வீட்ட விட்டுட்டு மிச்சத்துல கேப்போம். என் தெருவுக்கு நான் போவல, கமலவேணி போவட்டும்."

இன்று இதைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இதற்கு ஒரு பெயரும் உண்டு. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது.

அம்மாவோடு சர்வே எடுக்கும் கமலவேணி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டுக்கு விழுந்தது புதுக் கேள்வி.

"அடுப்பு எப்பக் கண்ணு பத்த வெச்சீங்க?"

"மத்தியானம். அம்மா வந்தப்பறம்."

"காலைல என்ன இருந்துச்சு?"

"தண்ணி" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டிப் பார்க்கும் நாளில் பள்ளி விடுமுறை. அம்மாவுடன் மதாம் வீட்டுக்குப் போயிருந்தேன். கமலவேணி அக்கா ஒரு படிவத்தைக் கட்டிலிருந்து உருவி அம்மாவிடம் நீட்டினார்.

"உன் வீடுதான்க்கா. எடுத்துக்க. பக்கத்துத் தெருவுல ஒண்ணு கேட்டு ரொப்பிடறேன்."

அம்மா வாங்கிப் படித்தாள். 'தண்ணி' என்ற இடத்தில் அவள் கண் நின்றதைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பொய்யா எழுதியிருக்க?"

"இல்லக்கா."

"அப்பக் கட்டுல வை."

"சார் பாத்தா, சொந்த வீட்டுக்குப் பால் வாங்கத்தான் இவ்ளோ ஆட்டம்னு பேசுவாரு."

"பேசட்டும்டி. எனக்கு மானம் போவுதுன்னு ஒண்ண உருவுனா, இன்னொருத்தி மானத்துக்காக இன்னொண்ண உருவணும். அப்பறம் கட்டுல என்ன இருக்கும்?"

பழைய கேள்வி கேட்ட எழுபது வீட்டில் பிள்ளைகள் சாப்பிடவில்லை என்றவை நான்கு. புதுக் கேள்வி கேட்ட எழுபதில், அடுப்பும் பற்றாமல் பழைய சோறும் இல்லாமல் இருந்தவை முப்பத்தொன்று. அதில் எங்களுடையது ஒன்று. பலராமன் இரண்டு தடவை எண்ணினார். எங்கள் கதவு எண்ணைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், படிவத்தைக் கட்டிலேயே திருப்பி வைத்தார். மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பால் நிக்காது" என்றார்.

வீடு வந்தோம். பூட்டைத் திறந்துகொண்டே அம்மா சொன்னாள்: "திங்கக்கெழமைலேர்ந்து நீயும் போய் நில்லு."

"கேக்கறவங்க வீட்டுப் பிள்ள நிக்கக் கூடாதுன்ன?"

"எழுதி ஒத்துக்கிட்டாச்சில்ல. அப்பறம் என்ன கவுரவம்? டம்ளர எடுத்துக்கிட்டுப் போ."

போனேன். எனக்கு முன்னால் பூக்காரி மகள் சுமலதா நின்றாள். ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கம்மாதான சர்வே எடுக்குது? நீ எதுக்குடி இங்க?"

"எங்க வீட்லயும் காலைல அடுப்பு இல்ல."

"ஓ" என்றாள். கொஞ்சம் நகர்ந்து நிழலில் எனக்கு இடம் விட்டாள். "பன்ன மொதல்ல பால்ல தோய்ச்சிடு. நேத்து வந்தது கல்லு மாதிரி இருந்துச்சு."