இரண்டரை மணிக்குப் பிடுங்கும் பிளக்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் டார்லாவுக்கு எரிச்சலும் சேர்ந்தே பிறந்துவிடும். ஃப்ளோரிடாவில் அந்த மாதம் தொடங்கி செப்டம்பர் வரை, தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஏரிக்கு மேலே மேகம் கறுக்கும், இடி இடிக்கும், மின்னல் எதையாவது அடிக்கும். நாலரைக்கு எதுவுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. ஏரிக்கரை டிரெய்லர் முகாமில் நான்கு வருடமாக மேற்பார்வை வேலை. கழிப்பறை கழுவுவாள், துணி துவைக்கும் அறையைப் பூட்டித் திறப்பாள், வருகிறவர்களுக்கு இடம் காட்டுவாள். அதற்குப் பதிலாக அவளும் கணவன் டெல்பர்ட்டும் பதினொன்றாம் இடத்தில் தங்கள் டிரெய்லரை வாடகையில்லாமல் நிறுத்திக்கொள்ளலாம். சக்கரம் வைத்த அந்த இருபத்தாறு அடிப் பெட்டிதான் அவர்களுக்கு வீடு. வேறு வீடு கிடையாது.

டெல்பர்ட் முப்பது வருடம் கூரை போடும் வேலை பார்த்தவன். தாரும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. வெக்கை ஏறினால் அவனுக்கு மூச்சு ஏறாது. போன ஜூலையில் மின்னல் கரண்ட் ஒயர் வழியாக வந்து ஏசியைச் சுட்டுவிட்டது. பழுது பார்க்க ஆள் வர பதினொரு நாள் ஆயிற்று. எட்டாவது நாளே டெல்பர்ட்டை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். "இன்னொரு தடவை இவரை இப்படி வெக்கையில போட்டு வைக்காதீங்க. அப்புறம் என்னைக் கேட்காதீங்க" என்று டாக்டர் டார்லாவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் மேகம் கூடுவதற்கு முன்பே, இரண்டரை மணி வாக்கில், அவள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு பதினொன்றாம் இடத்துக்கு ஓடுவாள். முதலில் ஏசியை நிறுத்துவாள். பிறகு வெளியே நிற்கும் கரண்ட் கம்பத்தில் பிரேக்கர் சுவிட்சை இறக்குவாள். பிறகு கைத்தடி கனமுள்ள அந்த ஒயரைப் பிளக்கோடு பிடுங்கி, ஈரத்தில் படாமல் டிரெய்லரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவாள். பிரேக்கரை இறக்கினால் மட்டும் போதாது; அந்தச் சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளியை மின்னல் சட்டை செய்யாமல் தாண்டும். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு கம்பத்தில் கை வைப்பதும் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பச் சொருகுவாள்.

ஆக மொத்தம் இரண்டு மணி நேரம் டெல்பர்ட் ஏசியில்லாமல் உட்கார வேண்டும். டிரெய்லரின் பேட்டரியில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்றுதான் அவனுக்குத் துணை.

"வெளிய வெயில் கொளுத்துது. மேகம் எங்க இருக்கு? உன் தலைக்குள்ளயா?" என்பான்.

"உனக்கு மேகம் தெரியுறப்போ எனக்குக் கை கருகியிருக்கும். பேசாம உட்காரு."

"டிவியில பேஸ்பால் முடியப் போகுது, ஒன்பதாவது இன்னிங்ஸ்டி! கடைசி ஆட்டக்காரன் மட்டை புடிச்சு நிக்கிறான்!"

"அவன் நாளைக்கும் நிப்பான். நீ நிப்பியான்னுதான் எனக்குக் கவலை."

பாதி நாள் இடி வேறு பக்கம் போய்விடும். ஒரு சொட்டு விழாது. டெல்பர்ட் வியர்வையில் நனைந்து, அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

தன் டிரெய்லரோடு வேலை முடியாது. கோல்ஃப் வண்டியில் ஏறி முகாம் முழுக்கச் சுற்றி, "பிளக்கைக் கழட்டுங்க, மழை வருது" என்று கத்த வேண்டும். துணி துவைக்கும் அறைச் சுவரில் இதற்கென்றே ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அவளே கையால் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டது. யாரும் படிப்பதில்லை. குறிப்பாகப் பதினான்காம் இடத்து கர்ட். மிச்சிகனிலிருந்து வந்து மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறான்.

"மேடம், எங்க ஊர்லயும் மின்னல் உண்டு. நான் ஒருநாளும் எதையும் கழட்டினதில்ல" என்பான் பீர் டின்னோடு.

"உங்க ஊர் மின்னல் ரொம்ப மரியாதையானது போல. இங்க இருக்கிறதுக்கு அதெல்லாம் தெரியாது."

"இந்த முதலையை விரட்டுறதுக்கும் ஏதாவது பிளக் இருக்கா?" என்று ஏரியில் மிதக்கும் முதலையைக் காட்டிச் சிரிப்பான். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

அது ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் இரண்டரைக்கு வந்தாள். ஏசியை நிறுத்தினாள், பிரேக்கரை இறக்கினாள், ஒயரைப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினாள். உள்ளே வந்து டெல்பர்ட்டுக்கு ஐஸ் போட்ட தேநீர் கொடுத்தாள். அவன் விசிறியை மூக்குக்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டான்.

மூன்றேகாலுக்கு டிரெய்லருக்குப் பின்னால் இருந்த பைன் மரத்தில் இடி இறங்கியது. ஒரே வெளிச்சம். தரை தூக்கிப் போட்டது. டிவிக்குப் பின்னாலிருந்து நீலமாக ஒன்று பளிச்சென்று தெறித்தது. தேநீர் டெல்பர்ட்டின் மடியில் கொட்டியது.

முதலில் டார்லாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்லவேளை, பிளக்கைப் பிடுங்கி வைத்தோம் என்று நினைத்தாள். அப்போதுதான் விசிறி நின்றிருப்பதைப் பார்த்தாள். பேட்டரியில் ஓடுகிற விசிறி நிற்கக் கூடாதே. அதே பேட்டரியில் எரியும் விளக்கைப் போட்டாள், எரியவில்லை. கருகிய பிளாஸ்டிக் வாடை மெல்ல எழுந்தது.

"வெளிய ஒயரைக் கழட்டினியா இல்லையா?" என்றான் டெல்பர்ட்.

"கழட்டினேன்! கொக்கியில தொங்குது, போய்ப் பாரு!"

"அப்போ எப்படி வந்தது?"

அவள் டிவியை முன்னால் இழுத்தாள். பின்பக்கம் கரி. அதிலிருந்து சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கறுப்பு ஒயர், சுவர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது.

மே மாதம் முகாம் முதலாளி எல்லா இடத்துக்கும் டிவி ஒயர் இழுத்து, கரண்ட் கம்பத்திலேயே முனையை வைத்துவிட்டுப் போனார். இவர்கள் அதை மாட்டிக்கொள்ளவில்லை. கூரையில் இருக்கும் ஆன்டெனா போதும் என்று இருந்துவிட்டார்கள்.

"இதை யார் மாட்டினது?"

டெல்பர்ட் தேநீர் சொட்டும் மடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "காலையில மாட்டினேன். ஆன்டெனாவுல பந்தே தெரியல. ஆளுங்க சும்மா ஓடுற மாதிரி இருந்தது."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலயா?"

"டிவி ஒயர் மாட்டறதுக்கும் உன்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?"

மின்னல் அந்த டிவி ஒயரில் ஏறி, ஆன்டெனாவுக்கு பேட்டரிக் கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து பேட்டரியில் ஓடுகிற அத்தனையையும் சுட்டிருந்தது. ஏசியை முடுக்கும் சுவர்ப் பொத்தானும் அதில் ஒன்று. கூரையில் ஏசி ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதை முடுக்க வழியில்லை. இத்தனை நாள் ஓடி ஓடிக் கழட்டியதற்கு இதுதான் கிடைத்தது.

பழுது பார்க்கிறவனுக்குப் போன் போட்டாள். "புதன்கிழமைக்கு முன்னாடி முடியாது மேடம். மாவட்டம் முழுக்க இதே கதைதான்" என்றான்.

டெல்பர்ட்டின் நெஞ்சுக்குள் விசில் சத்தம் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. ஏசி உள்ள இடம் அவள் கையில் ஒன்றே ஒன்று உண்டு, துணி துவைக்கும் அறை. மழை விட்டதும் அவனையும் அவனுடைய சாய்வு நாற்காலியையும் கோல்ஃப் வண்டியில் ஏற்றினாள். வழியில் கர்ட் வாசலில் நின்று கையாட்டினான். அவன் டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், நான் ஒண்ணையும் கழட்டல! எனக்கு ஒண்ணும் ஆகல!"

டார்லா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினாள்.

துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு டெல்பர்ட்டை உட்கார வைத்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் விசில் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அவன் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு, "இதுல டிவி ஒயர்னு எங்கயும் எழுதலயே" என்றான்.

"என்னது?"

"உன் தாள்ல. ரெண்டு தடவை படிச்சிட்டேன். கரண்ட் ஒயர், கரண்ட் ஒயர்னுதான் இருக்கு."

அவள் கிட்டப் போய்ப் படித்தாள். உண்மைதான். போன வருடம் ஏசி சுட்டுப்போன பிறகு எழுதிய தாள். மே மாதம் டிவி ஒயர் வந்த பிறகும் அவள் அதைத் தொடவே இல்லை. யாருமே படிப்பதில்லை என்று அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தவள், அவளே படிக்கவில்லை. மேசையிலிருந்து தடித்த பேனாவை எடுத்து, தாளின் அடியில் 'டிவி ஒயரையும்' என்று எழுதப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையில் மை பிடிக்கவில்லை, விரலோடு வழிந்து வந்தது. தாளைப் பிய்த்து எடுத்துக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"கோபம் என்மேலயா, தாள்மேலயா?"

"வரிசையில நில்லு. உன் முறை வரும்."

அவன் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கும்வரை அவன் முதுகைத் தேய்த்தாள்.

மறுநாள் இரண்டரைக்குக் கால்கள் தாமாகவே அவளைப் பதினொன்றாம் இடத்துக்குக் கொண்டுபோயின. உள்ளே காப்பாற்ற என்ன மிச்சம்? கூரையில் அந்த ஏசி மிச்சம். புதன்கிழமை வரை அது பிழைத்திருக்க வேண்டும். முந்தின இரவு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் பார்த்திருந்தாள், ஏறவில்லை; அப்படியே சொருகி விட்டிருந்த பிளக்கை, பிரேக்கரை இறக்கிவிட்டுப் பிடுங்கிக் கொக்கியில் மாட்டினாள். பிறகு குனிந்து, கருகிப்போன டிவி ஒயரைத் திருகிக் கழட்டி, ஏரிப் பக்கம் வீசினாள்.

அப்புறம் பதினான்காம் இடத்துக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"நேத்துதான் சொன்னேனே மேடம்" என்று ஆரம்பித்தான் கர்ட்.

"கரண்ட் ஒயரைக் கழட்டுங்க. டிவி ஒயரையும்."

"டிவி ஒயரா? அது எப்பலேர்ந்து?"

"நேத்திலேர்ந்து" என்றாள். அவன் கழட்டும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஏரிக்கு மேலே முதல் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.