மூடிட்டேன், நீ தொற

படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் பில் போடுகிறவள் நான். விசைப்படகுக்காரர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். பழைய கம்ப்யூட்டரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடை. கம்ப்யூட்டர் பெட்டி எப்போது நின்றுபோகுமோ என்று பயந்துகொண்டே வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

டிரைவர் தொங்க வேண்டும்

எங்கள் பில் புரோகிராம் மிகப் பழசு. இரண்டு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்திருந்தார்கள். ஒன்றில் நான் பில் போடுவேன். இன்னொன்றில் என்னோடு வேலை பார்த்த மும்தாஜ், வந்த சரக்கைப் பதிவு செய்வாள். ஒரு பில்லைத் திறந்தால் அதன் பின்னாலேயே சாமான் பெயர், விலை, இருப்பு என்று நாலைந்து ஃபைல் தானாகத் திறந்துகொள்ளும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், அளவுக்கு மேல் ஃபைல் திறந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அத்தோடு இரண்டு பெட்டியும் உறைந்துவிடும், அடித்த பில்லும் போய்விடும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அந்த வரியைப் பார்த்தாலே மும்தாஜைக் கூப்பிடுவேன்.

ரிப்பேர்காரர் பாபு வந்து உள்ளே, எத்தனை ஃபைல் திறக்கலாம் என்ற எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுப் போனார். சில நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான். இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லிக் கெஞ்சினேன். "அக்கா, இது ஷேர் ஆட்டோ மாரி. இதுக்கு மேல ஆள ஏத்துனா டிரைவரே வெளிய தொங்கிகினுதான் வரணும்" என்றார்.

கேள்வியும் பதிலும்

வழியைக் கண்டுபிடித்தவள் மும்தாஜ்தான். ஒருத்தி மூடிய பிறகுதான் மற்றவள் திறப்பது. எங்கள் இருவருக்கும் நடுவே பலகைத் தடுப்பு இருந்ததால், முகம் பார்க்காமல் குரல்தான் கொடுப்போம். "மூடிட்டேன், நீ தொற" என்பாள். நான் பயந்தாங்கொள்ளி. "நெசமா மூடினியா?" என்று கேட்காமல் திறக்க மாட்டேன். நான் மூடினாலும் அவள் அதே கேள்வியைக் கேட்பாள், என்னைக் கேலி செய்ய.

அந்தக் குரலோடு வேறு பேச்சும் ஒட்டிக்கொண்டு வரும். மூடிட்டேன், இன்னிக்கு இன்னா கொழம்பு? மூடிட்டேன், ஒன் இருமல் எப்பிடி கீது? திருவொற்றியூரில் என் வீட்டில் டி.வி. மட்டும்தான் பேசும். அதனால் ஒரு நாள் பேச்சு முழுவதையும் அந்தத் தடுப்பின் வழியாகவே பேசி முடித்துவிடுவேன். ஃபில்டர் வாங்க வந்த ஒரு படகுக்காரர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வூட்ல புருஷனாண்டகூட இவ்ளோ சொல்லிகினு செய்ய மாட்டீங்க போலகீதே!"

காலி நாற்காலி

மும்தாஜின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், மகள் இருக்கும் மணலி புதுநகருக்கே மும்தாஜ் குடிபோய்விட்டாள். அங்கிருந்து தினம் வந்து போக முடியாது. வேலையை விட்டுவிட்டாள்.

இரண்டு வேலையும் என் தலையில் விழுந்தது. இங்கே மூடிவிட்டு, எழுந்து தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அங்கே திறக்க வேண்டும். எழுந்திருக்கும்போது வாய் தானாக "மூடிட்டேன்" என்றுவிடும். முதலாளியிடம், அந்த நாற்காலிக்கு ஓர் ஆள் போடுங்கள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அன்று எண்ணூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாராண்டம்மா பேசற? அங்க ஒரு ஈ காக்கா இல்லியே."

தடைக்காலம் முடியும்போது

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகும் நாட்களில் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. எல்லாப் படகுக்கும் எஞ்சின் வேலை நடக்கும். ஒரு பெரிய பில்லைப் பாதியில் விட்டுவிட்டு, மும்தாஜின் பெட்டியில் இருப்பு பார்க்க எழுந்தேன். "மூடிட்டேன்" என்று சொன்னேன். சொன்னதை நானே நம்பிவிட்டேன். மும்தாஜ் இருந்திருந்தால், நெசமா என்று கேட்டிருப்பாள். நானும் திரும்பிப் பார்த்திருப்பேன். போய் அங்கே திறந்தேன். அந்த ஆங்கில வரி வந்தது. இரண்டு பெட்டியும் நின்றன.

மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கும்போது கண்ணில் நீர் முட்டியது. பில் போனதற்காக அழவில்லை. ஆனால் கவுண்டரில் நின்றவருக்கு அது எப்படித் தெரியும்? "எஞ்சினுக்கு சாமான் வாங்க வந்தா, ஒன் எஞ்சினே நின்னுபூட்ச்சே! அய்வாதம்மா, கடல் எங்கியும் பூடாது" என்றார்.

முதலாளியின் உபகாரம்

மறுபடியும் ஆள் கேட்டேன். இந்த முறை முதலாளி தலையை ஆட்டினார். அடுத்த வாரம் தடுப்பைப் பிடுங்கினார்கள், மும்தாஜின் மேசையை வெளியே தூக்கினார்கள். யாரோ புது ஆளுக்கு இடம் ஒழுங்கு செய்கிறார்கள் என்று நினைத்து, அந்த மூலையை நானே பெருக்கி வைத்தேன். வந்தது புதுக் கம்ப்யூட்டர். பாபு பழைய பில்களை எல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தார். எத்தனை ஃபைல் திறந்தாலும் அது அசைவதில்லை. மேசை இருந்த இடத்தில் கேஸ்கெட் பெட்டிகளை அடுக்கினார்கள்.

முதலாளி நல்ல மனிதர். எனக்கு நல்லது செய்ததாகவே முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே ஒரே ஆள் போதும்மா. யார் தொந்தரவும் இல்லாம நிம்மதியா வேலை பாரு."

மணலியிலிருந்து

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மும்தாஜுக்கு போன் போட்டுச் சொன்னேன். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் மட்டும் இன்னும் ஒவ்வொரு ஃபைலாக மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்கிறேன் என்றேன். சிரித்தாள். குழந்தையைத் தோளில் தட்டும் சத்தம் கேட்டது. "நெசமா மூடினியா?" என்றாள்.

எத்தனை வேண்டுமானாலும் திறந்து வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் கிடைத்த பிறகு, ஒன்றை மூடினேன் என்று சொல்ல மணலிக்கு போன் போட வேண்டியிருக்கிறது.