மூன்றாம் கவுன்ட்டர் பைக்காரி

அந்தப் பெரிய மளிகைக் கடையின் மூன்றாம் கவுன்ட்டரில் பில் போடுபவளுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் பைக்காரி. அவளாகத் தேடிக்கொண்ட பெயரில்லை. ஆற்றில் தண்ணீரைவிட பிளாஸ்டிக் பைதான் அதிகம் ஓடுகிறது என்று நகரசபைக்கு ஒருநாள் ஞானம் பிறந்து, கடையில் தரும் ஒவ்வொரு பைக்கும் கட்டணம் விதித்தது. விதித்தவர்கள் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கேட்டு வாங்கும் வேலை இவள் தலையில் விழுந்தது.

"பை வேணுங்களா? அதுக்குத் தனிக் கட்டணம்."

இதைக் கேட்டதும் ஜனங்களுக்கு வரும் கோபமே தனி. "ஆத்துல நானா பையைப் போட்டேன்?" என்று எகிறினார் ஒருவர். இன்னொருவர் முட்டைகளைத் தொப்பியில் அடுக்கி, மூச்சுவிடாமல் படியிறங்கினார். ஓர் அம்மா மாவு மூட்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதுவரை இடுப்பிலிருந்த குழந்தை நடந்து போனது.

"உன் புருஷன்னு தெரிஞ்சா என் பஸ்ல ஏறக்கூட யோசிக்கிறாங்கடி" என்று வீட்டில் புலம்பினான் பஸ் ஓட்டும் கணவன்.

அவள் அசரவில்லை. தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வருபவள் அவள்.

ஒரு சனிக்கிழமை கவுன்சிலர் வந்தார். இந்தக் கட்டணம் வேண்டும் என்று சபையில் கண்ணீர் மல்கப் பேசியவர். எண்ணெய், தக்காளி, முட்டை எல்லாம் எடுத்திருந்தார். பை மட்டும் கொண்டுவரவில்லை.

"பை வேணுங்களா சார்? தனிக் கட்டணம்."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது சார். அதான் எதுக்குன்னு விளக்கம் சொல்லல."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கவுன்சிலர் வீம்புக்கு அத்தனையையும் கோட்டோடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்படியில் எண்ணெய் பாட்டில் முதலில் நழுவியது. அதைப் பிடிக்கப் போனவர் முட்டைகளின் மேலேயே உட்கார்ந்தார்.

"அவர்கிட்ட போயா கட்டணம் கேட்ட?" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலை போச்சு என்றே அவள் நினைத்தாள்.

மறுநாள் பேப்பரில், மஞ்சள் வழியும் கோட்டோடு கவுன்சிலரின் படம். 'உடை பாழானாலும் பை வாங்க மறுத்த முன்மாதிரி!' மேனேஜர் அதை வெட்டிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். அவருக்குப் பைக்காரி திடீரென்று "நம்ம கடைப் பொண்ணு" ஆனாள்.

பேர் கிடைத்தவர் சும்மா இருப்பாரா? தன் முகம் அச்சடித்த துணிப்பைகளை இலவசமாக வழங்க, கடை வாசலிலேயே மேடை போட்டார் கவுன்சிலர். துணிப்பை ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் வந்திறங்கியது. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து உரித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. உரித்த உறைகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்தன.

"இதையெல்லாம் என்ன சார் பண்றது?"

"ஒரு பையில போட்டு ஓரமா வை" என்றார் மேனேஜர்.

"பைக்குக் கட்டணம் யார் சார் தருவா?"

மேனேஜர் காதில் விழாதவர் போல் நகர்ந்தார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மேஜை விரிப்பை உருவி உறைகளை மூட்டையாகக் கட்டி, ஆற்றைப் பற்றி உருகிக்கொண்டிருந்த கவுன்சிலரின் காலடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க பையோட தோல் சார்."

மைக் அதைத் தெரு முழுக்கச் சொன்னது. கூட்டம் விசிலடித்தது. கேமரா தன் பக்கம் திரும்பியதைப் பார்த்த கவுன்சிலரும் கை தட்டினார்.

திங்கட்கிழமை அவளைக் காய்கறி எடை போடும் இடத்துக்கு மாற்றினார்கள். தண்டனைதான் என்றாலும், யாரிடமும் பைக் கட்டணம் கேட்க வேண்டாம் என்பதால் அவளுக்கு அது விடுமுறை போலிருந்தது. ஆனால் காய் போடும் மெல்லிய கவருக்குக் கட்டணமில்லை என்பதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. கவருக்குள் கவராகச் செருகினால் பை தயார். ஒருவர் குளியல் சோப்பை அப்படிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அது காய்கறிக்குத்தாங்க."

"எலுமிச்சை சோப்புதானேம்மா!"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து கவர் ரோல் அவள் மடியில்தான் இருக்கிறது. கேட்பவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறாள்.