ஒரு விளம்பரத்துக்கு ஒரு கரண்டி

கனடாவின் ஸ்காபரோவில் என் அம்மா இருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தின் சாப்பாட்டு அறையில்தான் அவரைப் பார்ப்பேன். மெலிந்த, உயரமான மனிதர். சேர்ட்டைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். கம்பளித் தொப்பியை உள்ளேயும் கழற்றமாட்டார். அவர் சிரித்து நான் கண்டதில்லை.

எல்லாம் மறந்துபோன மனைவிக்கு அவர்தான் மதியச் சாப்பாடு கரண்டியால் தீத்துவார். அவ வாய் திறப்பதற்கு ஒரே வழி, அவருடைய போனில் இருந்த ஜப்பானிய நூடுல்ஸ் விளம்பரம். அதில் கோட்டுப் போட்ட ஒருவன் வெறுங் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளிக் கத்துவான். அவ வாயைப் பிளந்து பார்ப்பா. ஒரு கரண்டி சோறு உள்ளே போகும். அவர் திரையைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டு மறுபடி போடுவார்.

"தமிழ் விளம்பரம் போட்டுப் பாக்கேல்லையோ, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்தன் தம்பி. தமிழ் கேட்டால் வீட்டை போவம் எண்டு அழுறா. உவன் கத்தினால் அவவுக்கு ஒண்டும் ஞாபகம் வராது."

மார்கழியில் ஒருநாள், விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியும் அவவின் வாய் திறக்கவில்லை. தாதி வந்து பார்த்துவிட்டுப் போனார். கணவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையில் இருந்த வெறுங் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் துள்ளினார். அந்தக் கத்தலையும் கத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவ அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. உதடுகள் பிரியவில்லை.

அவர் உட்கார்ந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, "சரி, போதும். இனிக் காணும்" என்றார். அதை மனைவிக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.