சித்தியின் வலது கண்மணி

சித்தி ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் முயல் பிடிப்பவள். முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, தலை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர் ஒரு கண்ணில் மருந்துச் சொட்டு விடுவார், மறு கண்ணில் வெறும் உப்புநீர். பிறகு இரண்டு கண்மணிகளும் எவ்வளவு விரிந்தன என்று அளப்பார். "கொஞ்சம் பொறுத்துக்குங்க மாப்பிள்ளை, ஒரு சொட்டுதான்" என்று சித்தி முயலைக் கெஞ்சுவாள். சித்தப்பா போனபின் அவளை நிமிர்த்தி வைத்தது இந்த வேலைதான்.

அங்கே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முயல் அதைப் பார்த்து மிரள்கிறது என்று சித்தி அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவாள். அன்று மருந்து விட்டதும் ஒரு முயல் தலையை உதறியது. சித்தியின் கண்ணில் ஏதோ தெறித்தது. தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த முயலை எடுத்தாள்.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்ததும் அம்மா பதறிப்போனாள். வலது கண்மணி கருவிழி முழுக்கப் பரவியிருந்தது. இடது கண் வழக்கம்போல் இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் சித்தி என் காதில் நடந்ததைச் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட வாயைத் திறக்காதே. கண்ணாடி போடலன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"மூளையில ரத்தக்கசிவுன்னு நினைப்பாங்க, சித்தி."

"நினைச்சுட்டுப் போகட்டும். எனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குன்னாவது தெரியட்டும்."

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பெரிய கண்மணி அசையவே இல்லை. "கண்ணுல ஏதாவது பட்டுச்சாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப உடனே தலையை ஸ்கேன் எடுக்கணும்" என்றார். அம்மா அழத் தொடங்கினாள். சித்தி என் கையைக் கிள்ளினாள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். என்னைப் படிக்க வைத்தவள் அவள்.

நான் சொல்லிவிட்டேன்.

"அப்படின்னா தானா சரியாகிடும், பயப்படாதீங்க" என்றார் மருத்துவர். ஆனால் என்ன மருந்து என்று தெரிய வேண்டும் என ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டார்.

சித்தியை வேலையிலிருந்து நீக்கவில்லை. கூண்டு கழுவப் போட்டார்கள். இனி முயலைத் தொடக் கூடாதாம்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: "நான் சொல்லாம இருந்திருக்கணுமா, சித்தி?"

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு அவங்களே அனுப்பியிருப்பாங்க" என்றாள், நிமிராமல்.

அது மருத்துவரின் அறையிலேயே எனக்கும் தோன்றியதுதான். ஆனால் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.